ஜூபிடரின் தலைமை: ரோமானிய வானதெய்வத்தைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. வினா

கிரேக்கக் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் ரோமானியரின் வானதெய்வமாகிய ஜூபிடரிடம் வரும்போது, ஸீயஸுக்கு லத்தீன் மொழியில் வழங்கிய மறுபெயரே அது என்று எண்ணிவிடுவது இயல்பு. தந்தையை வென்று அரியணை ஏறியவன், மின்னலை ஆயுதமாக ஏந்தியவன், காளையாகவும் அன்னமாகவும் வடிவெடுத்து மானிடப் பெண்களை நாடியவன் என்று ஓவிட் முதலிய கவிகள் அவனை வருணித்திருக்கிறார்கள். பிற்கால ஐரோப்பிய ஓவியர்களும் அந்த வருணனையையே பின்பற்றினார்கள். ஆனால் ரோமாபுரியின் பஞ்சாங்கத்தையும், புரோகிதர்களின் விதிகளையும், செனட் சபையின் தீர்மானங்களையும், லிவியின் சரித்திரத்தில் அடிக்கடி இடம்பெறும் உற்பாதக் குறிப்புகளையும் எடுத்துப் பார்ப்பவனுக்கு, அந்தக் காதற்கதைகளின் நாயகன் எங்குமே தென்படுவதில்லை. அங்கே காணப்படும் தெய்வத்துக்குக் கதை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அலுவலோ மிக அதிகம்.

ஜூபிடர் ரோமானியத் தெய்வங்களுள் முதல்வன் என்பதில் பண்டையோருக்கும் இன்றையோருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அந்த முதன்மை எத்தகையது என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினா. கீழோர் அனைவரும் கேட்டு நடக்கும்படி ஆணையிடுகிற சக்கரவர்த்தியின் முதன்மையா, அன்றி வேறொன்றா? அரசரை நாட்டைவிட்டுத் துரத்தி, அரசன் என்ற பட்டத்தையே நிந்தையாகக் கருதிய ஒரு சமூகம், வானத்தின் உச்சியில் மட்டும் ஓர் அரசனை எவ்வாறு வைத்துப் போற்றியது என்று எண்ணிப் பார்த்தால், இது வெறும் சொற்போர் அன்று என்பது விளங்கும். கவிகள் அவனை அரசன் என்று தாராளமாக அழைத்தார்கள். அவனுடைய தலைமைக் கோயிலிலோ அவன் பெற்ற பட்டம் ‘மிக நல்லவன், மிகப் பெரியவன்’ என்பதே.

2. அறிஞர் கொண்ட முடிபுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாவுக்கு விடை மொழிநூலில் தேடப்பட்டது. வேதத்தில் வரும் த்யௌஸ் பிதா, கிரேக்கரின் ஸீயஸ், ரோமானியரின் ஜூபிடர் என்னும் மூவரின் பெயர்களும் ஒரே மூலத்தின் கிளைகள் என்பதை மாக்ஸ் முல்லர் மிகுந்த உற்சாகத்தோடு பரப்பினார். அந்தச் சமன்பாடு இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆயினும் பெயர்களின் உறவு தெய்வங்களின் இயல்பைச் சொல்லிவிடாது. ரிக்வேதத்தில் த்யௌஸ் பெரும்பாலும் பிருதிவியோடு சேர்த்து அழைக்கப்படும் மங்கலான ஒரு பிதா. இடியும் வச்சிரமும் அங்கே இந்திரனுக்கு உரியவை. ஒரு குலப்பெயர் ஒரு நாட்டில் நிழலாய்த் தேய்ந்தும் மற்றொரு நாட்டில் அரசியலின் நடுவே வளர்ந்தும் இருக்குமானால், அந்த வேறுபாட்டின் காரணத்தை அந்தந்த நாட்டு ஸ்தாபனங்களில் தேட வேண்டுமேயன்றிப் பொதுவான பெயரில் தேடிப் பயனில்லை. (ரோமானியர் ஜூபிடருடையதென்று கொண்ட கிரகத்தை நம்மவர் தேவராஜனுக்குக் கொடாமல் தேவகுருவுக்குக் கொடுத்தார்கள், கிரேக்க ஜோதிடத்தின் வழியாக வந்த வாரக் கணக்கில் அங்கே ஜூபிடரின் நாள் எதுவோ அதுவே இங்கே வியாழக்கிழமை.)

பிரேஸர் தம் ‘பொற்கிளை’யில் ஜூபிடரைக் கருவாலி மரத்தின் தெய்வமாகவும், நேமி வனத்துப் பூசாரி மன்னனை அத்தெய்வத்தின் மானிடப் பிரதிநிதியாகவும் கண்டார். படிக்கச் சுவையான நூல்; ஆனால் சான்று தேய்ந்த இடங்களிலெல்லாம் கற்பனை துணைக்கு வருகிறது. 1902-இல் வெளிவந்த விஸ்ஸோவாவின் பெருநூலே ரோமானிய வழிபாட்டை அதன் சொந்த ஆவணங்களைக் கொண்டு வகைப்படுத்தி, கவிகளின் ஜூபிடரை ஆலயத்தின் ஜூபிடரினின்றும் பிரித்துக் காட்டியது. அவருக்குப் பின் 1937-இல் கார்ல் கோக், இந்தப் பிரிவு தற்செயலானதன்று என்று வாதித்தார். ரோமானியருக்குப் புராணம் புனையும் திறமை இல்லை என்பது பழைய குற்றச்சாட்டு. கோக்கோ, அவர்கள் தங்கள் தலைமைத் தெய்வத்தைக் கதைகளினின்றும் வேண்டுமென்றே விடுவித்தார்கள் என்றார்.

இவ்வாதத்துக்கு ஆதாரம் ரோமாபுரிக்கு மிக அருகிலுள்ள பிரெனெஸ்தே நகரத்தில் கிடைக்கிறது. அவ்வூரின் பெருந்தேவதையாகிய பார்த்தூனா, ஜூபிடரின் தலைமகள் என்று ஒரு பழைய லத்தீன் சாசனம் கூறுகிறது. அதே ஊரில், குழந்தையாகிய ஜூபிடர் ஜூனோவோடு பார்த்தூனாவின் மடியில் அமர்ந்து பாலுண்ணும் விக்கிரகம் தாய்மார்களால் பக்தியோடு வணங்கப்பட்டது என்று சிசரோ எழுதுகிறார். மகளே தாயாகவும் இருக்கும் இம்முரண்பாடு பிரெனெஸ்தேயில் எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. எனவே பிறப்பு, குழந்தைப் பருவம், மக்கட்பேறு ஆகியவற்றோடு கூடிய ஒரு ஜூபிடரை லத்தீன் மக்கள் அறிந்தே இருந்தார்கள். ரோமாபுரியின் அரசாங்க வழிபாடுதான் அவனைத் தன் வாயிலுக்குள் விடவில்லை. இதில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை முழுவதும் நிலைநாட்டிவிட முடியுமா என்பது ஐயமே. விளைவு மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நம் கண்முன் இருக்கிறது.

தூமேஸில் வேறொரு வழியில் சென்றார். ஜூபிடர், மார்ஸ், குவிரினஸ் என்ற மூவருக்கும் தனித்தனியே ஒவ்வொரு தலைமைப் புரோகிதர் இருந்ததிலிருந்து, ஜூபிடர், ஜூனோ, மினெர்வா என்னும் கபிடோலிய மும்மூர்த்திகளுக்கு முற்பட்ட ஒரு மும்மை உண்டென்று கண்டு, ஜூபிடரை ஆட்சியுரிமையின் தெய்வம் என்று நிர்ணயித்தார். ஆட்சியுரிமை என்பது பொருத்தமான சொல்தான்; அது எவ்வகை ஆட்சி என்பதே நம் கேள்வியாதலால், அவர் நிறுத்திய இடத்தில் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

3. கபிடோலியக் குன்று

கபிடோலியத்துப் பெருங்கோயிலை மூத்த தார்க்குவினியஸ் என்னும் அரசன் நேர்ந்துகொண்டான். கடைசி அரசனாகிய இளைய தார்க்குவினியஸ் ஏறக்குறைய முடித்தான். அரசர்கள் துரத்தப்பட்ட பின், மரபுக் கணக்கின்படி கி.மு. 509-இல், குடியரசின் கான்சல்களுள் ஒருவராகிய ஹொரேஷியஸ் அதைப் பிரதிஷ்டை செய்தார். அரசர் கட்டிய கோயிலைக் குடியரசு தன் முதலாண்டிலேயே உரிமையாக்கிக்கொண்டது என்ற இந்த வரலாறு, பிற்காலத்தார் ஒழுங்குபடுத்திச் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் எதைச் சொல்ல விரும்பினார்கள் என்பது தெளிவு. நிலைக்கதவின் தூணைப் பற்றிக்கொண்டு பிரதிஷ்டை மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஹொரேஷியஸிடம், அவரைத் தடுக்க விரும்பிய எதிரிகள், அவருடைய மகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்களாம். பிணத்தை எடுத்துச் செல்லும்படி சொல்லிவிட்டு, கையை அகற்றாமல் அவர் மந்திரத்தை முடித்தார் என்கிறார் லிவி. இக்கதையில் ஜூபிடர் பேசுவதுமில்லை, தோன்றுவதுமில்லை. கிரியை முறியாமல் நிறைவெய்துகிறது, அவ்வளவே கதை.

அந்தக் கோயிலின் அஸ்திவாரம் இன்றும் கபிடோலிய அருங்காட்சியகத்தினுள் காணக் கிடைக்கிறது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 50 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடைய அக்கற்கட்டு, அக்கால இத்தாலியில் ஒப்பற்ற பெருமுயற்சியாக இருந்திருக்க வேண்டும். மூன்று கருவறைகளில் நடுவிலே ஜூபிடரும் இருபுறங்களில் ஜூனோவும் மினெர்வாவும் வீற்றிருந்தார்கள். வேயி நகரத்து வுல்கா என்ற சிற்பி சுட்ட மண்ணால் மூலவரைச் செய்தான் என்று பிளினி குறிக்கிறார். செப்டம்பர் 13-ஆம் நாளில் கருவறைச் சுவரில் ஓர் ஆணி அறையும் பழைய விதியொன்று இருந்தது. கான்சல்கள் பதவியேற்ற நாளில் இக்குன்றுக்கு வந்து, முன்னவர் நேர்ந்த கடனை வெள்ளைக் காளைகளால் தீர்த்து, அடுத்த ஆண்டுக்குப் புதிய கடனை நேர்ந்துகொண்டார்கள். ஆண்டின் முதல் செனட் கூட்டமும் இங்கேயே நடைபெற்றது. அரசாங்கம் என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஓர் ஏற்பாடு என்றும், அதன் கணக்கு தீர்க்கப்படும் இடம் ஜூபிடரின் வாயில் என்றும் ரோமானியர் கொண்டிருந்தார்கள்.

இக்குன்றைப் பற்றிய கதைகளுள் எனக்கு மிகவும் பொருள்பொதிந்ததாகத் தோன்றுவது எல்லைத் தெய்வமாகிய டெர்மினஸின் கதை. பெருங்கோயிலுக்கு இடம் வேண்டி, குன்றின்மேல் முன்பே இருந்த சிறு தெய்வங்களின் சம்மதம் நிமித்திகரின் வாயிலாகக் கேட்கப்பட்டது. மற்றவர்கள் இசைந்தார்கள், டெர்மினஸ் இசையவில்லை. (இளமைத் தேவதையாகிய யுவெந்தாஸும் மறுத்தாள் என்று வேறொரு மரபும் உண்டு.) அதன்பின் நிகழ்ந்தது யாதெனில், டெர்மினஸின் கல் இருந்த இடத்திலேயே விடப்பட்டு, அதைச் சுற்றி ஜூபிடரின் கோயில் எழுந்தது, திறந்த வானத்தின்கீழ் இருக்க வேண்டிய தெய்வமாதலால் அக்கல்லுக்கு நேரே கூரையில் ஒரு துவாரமும் விடப்பட்டது. தெய்வங்களுள் முதல்வனின் இல்லத்தில், அவனுக்கு இடம்கொடுக்க மறுத்த ஒரு கல் நிரந்தரமாகக் குடியிருந்தது. ரோமானியர் இதை ஜூபிடருக்கு நேர்ந்த இழிவாகக் கருதவேயில்லை. அரசின் எல்லைகள் அசையா என்பதற்கு நற்குறியாகக் கொண்டாடினார்கள். இக்கதைக்கு இக்கட்டுரையின் இறுதியில் ஓர் எதிரி வரவிருக்கிறார்.

4. வானத்தின் சம்மதம்

சிசரோ நிமித்திகர்களை ஜூபிடரின் சித்தத்தை விளக்குபவர்கள் என்கிறார். தாமும் அக்குழாத்தில் ஓர் உறுப்பினராக இருந்தார். ஆனால் ரோமானிய நிமித்த சாஸ்திரம் வருங்காலத்தை உரைப்பதன்று. தேர்தலோ போரோ சபைக் கூட்டமோ தொடங்குமுன் அதிகாரி வானத்தை நோக்கி ஒரே வினாவைக் கேட்கிறான்: இக்காரியத்தை இன்று செய்யலாமா? ஜூபிடரின் விடை ஆம் என்றோ இல்லை என்றோ இருக்கும். அந்த விடையும் அந்த ஒரு நாளுக்கே செல்லும். இன்று மறுக்கப்பட்ட காரியத்தை நாளை மீண்டும் கேட்கலாம். ஜூபிடர் தானாக ஒரு சட்டத்தை இயற்றுவதுமில்லை, ஒரு தளபதியை நியமிப்பதுமில்லை. மனிதர் முன்வைக்கும் காரியத்துக்கு இசைகிறான், அல்லது தடுக்கிறான்.

இடி முழங்கும்போது மக்கள் சபையை நடத்தலாகாது என்பது விதி. கி.மு. 59-இல் சீஸரின் சக கான்சலாகிய பிபுலஸ், சபைக்கு வரவிடாமல் பலாத்காரமாக விரட்டப்பட்டபின், வீட்டினுள் அடைபட்டிருந்தவாறே, தாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அறிக்கைமேல் அறிக்கை அனுப்பினார். வானத்தைப் பார்ப்பதாக அறிவிப்பதே சபையை நிறுத்தப் போதுமானது என்பது சாஸ்திரம். சீஸரோ அதைப் பொருட்படுத்தாமல் சட்டங்களை நிறைவேற்றினார். அச்சட்டங்கள் செல்லுமா செல்லாவா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இதையெல்லாம் வெறும் கபடநாடகம் என்று தள்ளிவிடும் பழக்கம் உண்டு. சிசரோவே இவ்விதி அரசின் நன்மைக்காக ஏற்பட்டது என்று ஒளிக்காமல் எழுதினார். எனினும், ஒரு கட்சியைத் தடுக்க மற்றொரு கட்சி வானத்தைத் துணைக்கு அழைக்கிறது என்றால், சபையின் செயல் வானத்தின் இசைவின்றிச் செல்லாது என்ற பொது நம்பிக்கை அங்கே இருந்தாக வேண்டும். செல்லாத காசைக் கொண்டு எவரும் வாணிகம் செய்ய முற்படுவதில்லை.

இந்த இசைவின் இயல்பை எத்ருஸ்கரின் மின்னல் சாஸ்திரம் மேலும் தெளிவாக்குகிறது. செனெகா தம் இயற்கை ஆராய்ச்சி நூலில் இதை எடுத்துரைக்கிறார். ஜூபிடரிடம் மூவகை அசனிகள் உண்டு. எச்சரிக்கை மாத்திரம் செய்யும் சாந்தமான முதல் அசனியை அவன் தன்னிச்சையாக எறியலாம். நன்மையோடு தீங்கும் விளைக்கும் இரண்டாவதை எறிவதற்குப் பன்னிரு தேவர்களின் சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் எரித்து நிலைமையையே மாற்றிவிடும் மூன்றாவதற்கோ, முகம் மறைந்த மேலான தேவர்கள் என்று சொல்லப்பட்ட, பெயரும் எண்ணும் அறியப்படாத சிலருடைய அனுமதி தேவை. தீங்கு மிகுந்தோறும் கலந்தாலோசனையும் மிகுகிறது. உலகில் அதிகாரம் படைத்தோருக்குப் பாடமாகவே முன்னோர் இவ்வாறு அமைத்தார்கள் என்பது செனெகாவின் விளக்கம். நீரோவின் அவையில் வாழ்ந்தவருக்கு அவ்விளக்கம் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் சாஸ்திரம் அவரினும் மிகப் பழையது. அதில் வரும் ஜூபிடர், செனட்டைக் கலந்துகொள்ளாமல் பெரிய காரியத்தைச் செய்யத் துணியாத கான்சலையே பெரிதும் ஒத்திருக்கிறான்.

5. சொல்லுக்குக் கட்டுப்பட்ட தேவன்

ஜூபிடரின் கோயில்களுள் மிகப் பழையதென்று ரோமானியர் கருதியது பெருங்கோயிலன்று. அதே குன்றின்மேல் இருந்த ஜூபிடர் பெரேத்ரியஸின் சிறு சந்நிதி. அங்கே செங்கோல் ஒன்றும் சிக்கிமுக்கிக்கல் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தன. அயல்நாட்டோடு உடன்படிக்கை செய்யும்போது அதற்கென அமைந்த புரோகிதர்கள் அத்தகைய கல்லால் ஒரு பன்றியை அடித்துக் கொன்றார்கள். அப்போது சொல்லும் சபதத்தை லிவி கொடுத்திருக்கிறார். ரோமானிய மக்கள் பொதுத் தீர்மானத்தின்படியும் வஞ்ச நினைவோடும் உடன்படிக்கையை முதலில் மீறினால், இப்பன்றியை நான் அடிப்பதுபோல் ஜூபிடர் அவர்களை அடிக்கட்டும் என்பது அதன் கருத்து. இதிலுள்ள நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. தனிமனிதன் ஒருவன் மீறினால் சாபம் பலிக்காது. வஞ்சமின்றி மீறினாலும் பலிக்காது. மறுதரப்பார் முந்தி மீறினாலும் பலிக்காது. தேவனின் கோபத்துக்கு வக்கீல்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். இரண்டாம் பூனிக் போரின் முடிவில் கி.மு. 201-இல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இப்புரோகிதர்கள், தத்தம் கற்களைத் தாங்களே எடுத்துச் செல்ல வேண்டுமென்று செனட் தீர்மானித்தது. கார்த்தேஜின் மண்ணிலும் ரோமானியக் கல்லே சாட்சியாக வேண்டும்.

சொல்லின் வலிமை தேவனையே பணியவைக்கும் என்பதை நூமா அரசனின் கதையில் ஓவிட் நகைச்சுவையோடு காட்டுகிறார். மின்னலின் தீங்கைத் தணிக்கும் பரிகாரத்தை அறிய விரும்பிய நூமா, பீக்கஸ், பவுனஸ் என்ற வனதேவர்களை மதுவால் மயக்கிப் பிடித்து, அவர்கள் சொன்ன உபாயத்தால் அவென்டைன் குன்றுக்கு ஜூபிடரை இறங்கிவரச் செய்கிறான். தலையை வெட்டு என்கிறான் ஜூபிடர். என் தோட்டத்து வெங்காயத்தின் தலையை வெட்டுகிறேன் என்கிறான் நூமா. மனிதனுடையது வேண்டும் என்கிறான் தேவன். அவன் தலைமயிரைத் தருகிறேன் என்கிறான் அரசன். உயிர் வேண்டும், அப்படியானால் மீனின் உயிர். ஜூபிடர் சிரித்துவிட்டு, அவற்றையே பரிகாரமாக ஏற்றுக்கொள்கிறான். தேவனை மனிதன் ஏய்த்துவிட்டானே என்று கிறிஸ்தவராகிய அர்னோபியஸ் பிற்காலத்தில் பரிகசித்தார். ஏய்த்ததாகக் கதை சொல்லவில்லை. கேட்கும் சொல் தெளிவற்றதாயிருந்தால் கேட்டவனே அதன் பலனை ஏற்க வேண்டும் என்ற நியாயத்துக்கு ஜூபிடரும் உட்பட்டவன் என்றுதான் சொல்கிறது. அவன் சிரிப்பு அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். இதே கிரியையை நூமாவின் குறிப்பேடுகளிலிருந்து எடுத்து முறைதவறிச் செய்த அடுத்த அரசனாகிய துல்லஸ் ஹொஸ்திலியஸ், வீட்டோடு மின்னலால் எரிந்துபோனான் என்பது லிவியில் வரும் மறுபுறம்.

கதையை விட்டு ஆவணத்துக்கு வருவோம். கி.மு. 217-இல் டிராசிமீன் ஏரிக்கரையில் ஹன்னிபாலிடம் ரோமானியப் படை அழிந்தது. தோற்று மாண்ட கான்சலாகிய பிளாமினியஸ், அல்பன் மலையில் ஜூபிடர் லத்தியாரிஸுக்கு லத்தீன் நகரங்கள் கூடிச் செய்யும் உற்சவத்தை நடத்தாமலே பதவியிடத்துக்குப் புறப்பட்டுப் போனவர் என்பதை மக்கள் மறக்கவில்லை. அடுத்த ஐந்தாண்டுகள் அரசு இப்போரினின்றும் காப்பாற்றப்படுமானால், ஒரு வசந்தகாலத்தில் பிறக்கும் பன்றி, ஆடு, மாட்டுக் குட்டிகள் அனைத்தையும் ஜூபிடருக்குப் பலியிடுவதென நேர்ந்துகொள்ள முடிவாயிற்று. மக்களின் ஆணையின்றி இவ்வளவு பெரிய நேர்த்திக்கடனைச் செய்யலாகாது என்று தலைமைப் புரோகிதர் சொன்னதால், அது மசோதாவைப்போல் மக்கள் சபைமுன் வைக்கப்பட்டது. லிவி காத்துவைத்திருக்கும் அதன் வாசகம் ரோமானிய சமயத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சியங்களுள் ஒன்று. பலிக்குரிய பிராணி முன்பே செத்துப்போனால் குற்றமில்லை. அறியாமல் யாரேனும் கொன்றுவிட்டால் தோஷமில்லை. களவு போனால் மக்களுக்கும் உடையவனுக்கும் பொறுப்பில்லை. ஆகாத நாளில் தெரியாமல் பலியிட்டாலும் செல்லும். இரவிலோ பகலிலோ, அடிமையோ சுதந்திரனோ செய்தாலும் செல்லும். இவற்றோடு பெருவிளையாட்டுகளுக்காக 333,333 ஆஸ் காசும் ஒரு காசின் மூன்றிலொரு பங்கும் செலவிடவும், ஜூபிடருக்கு 300 எருதுகளைப் பலியிடவும் நேர்ந்துகொள்ளப்பட்டது.

கடன் ஐந்தாண்டில் தீரவில்லை. கி.மு. 195-இல்தான் வசந்தப் பலி நிறைவேற்றப்பட்டது. அதுவும் முறைப்படி நடக்கவில்லை என்று தலைமைப் புரோகிதர் அறிக்கை செய்ததனால், அடுத்த ஆண்டு மார்ச் முதல் தேதிக்கும் ஏப்ரல் கடைசித் தேதிக்கும் இடையே பிறந்த குட்டிகளைக் கொண்டு மீண்டும் செய்யப்பட்டது. ஹன்னிபால் தோற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், செலவையும் நஷ்டத்தையும் பாராமல் இரண்டாம் முறையும் கடனைத் தீர்த்தவர்களை அவநம்பிக்கையாளர் என்று எவ்வாறு சொல்வது? அதே சமயம், அவ்வாசகத்தில் பயபக்தியின் நடுக்கமும் இல்லை. ஒப்பந்தம் செய்பவர்கள் இரு தரப்பினர். இருவரும் வாசகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஜூபிடர் தரப்பில் ஏமாற்றம் நேராது என்ற துணிவு அதில் இருக்கிறது. அந்தத் துணிவையே ரோமானியரின் பக்தி என்று நான் கொள்கிறேன்.

6. டியாலிஸ்

ஜூபிடருக்கென்றே வாழ்ந்த புரோகிதருக்குப் பிளாமன் டியாலிஸ் என்பது பட்டம். அவருக்கு விதிக்கப்பட்ட நியமங்களை ஔலஸ் கெல்லியஸ் தொகுத்திருக்கிறார். அவர் குதிரையேறக் கூடாது. நகர எல்லைக்கு வெளியே அணிவகுத்த படையைப் பார்க்கக் கூடாது. உடையில் எங்கும் முடிச்சு இருத்தல் ஆகாது. மோதிரம் அணிந்தால் அது அறுபட்டதாக இருக்க வேண்டும். பெண்யாடு, பச்சை இறைச்சி, அவரை ஆகியவற்றைத் தொடவும் பெயர் சொல்லவும் கூடாது. விலங்கிட்ட கைதி அவர் வீட்டினுள் நுழைந்துவிட்டால் விலங்கைக் கழற்றி, முற்றத்துத் திறப்பின் வழியாகக் கூரைக்கு ஏற்றி, தெருவில் இறக்க வேண்டும். மனைவி இறந்தால் பதவி போயிற்று.

இவற்றுள் நமக்கு முக்கியமானது, அவர் சத்தியம் செய்யலாகாது என்பது. சத்தியங்களுக்கெல்லாம் சாட்சியான தெய்வத்தின் புரோகிதர் தாம் சத்தியம் செய்ய இயலாதவர். கி.மு. 200-இல் வலேரியஸ் பிளாக்கஸ் என்ற டியாலிஸ் நகர அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பதவிப் பிரமாணம் செய்யாமல் பதவி வகிக்க முடியாதென்ற சட்டம் குறுக்கிட்டது. அவருக்குப் பதிலாக அவருடைய சகோதரர் பிரமாணம் செய்ய மக்கள் அனுமதி வழங்கினார்கள். பிரேஸர் இந்த நியமங்களில் தெய்வீக அரசனின் எச்சத்தைக் கண்டார். எனக்கோ அவை நேர்மாறாகத் தோன்றுகின்றன. படையும் குதிரையும் முடிச்சும் விலங்கும் எட்டாத தூரத்தில் ஒரு மனிதனை நிறுத்திவைப்பது, அதிகாரம் அனைத்தையும் அவனிடமிருந்து களைந்து எடுப்பதாகும்.

உள்நாட்டுக் கலகத்தில் கி.மு. 87-இல் மெருலா என்ற டியாலிஸ் ஜூபிடரின் கோயிலில் தம் நரம்பை அறுத்துக்கொண்டு மாண்டார். பதவிக்குரிய தொப்பியோடு சாவது விதிக்கு விரோதமாதலால், முன்னதாகவே அதை எடுத்துவிட்டதாக ஓர் ஓலை எழுதி வைத்திருந்தார் என்று அப்பியன் கூறுகிறார். அதன்பின் கி.மு. 11 வரை, முக்கால் நூற்றாண்டு காலம், அப்பதவிக்கு எவருமே இல்லை. கிரியைகளைப் பிற புரோகிதர்கள் நடத்தி வந்தார்கள், வழிபாடு தடைப்படவில்லை. ரோமானியர் உலகத்தில் பெரும்பகுதியை வென்ற அந்த ஆண்டுகளில் ஜூபிடருக்குச் சொந்தப் புரோகிதரே கிடையாது.

7. எதிர்ச் சான்றுகள்

இதுவரை கூறியதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் வலிமை மிக்கது வெற்றி ஊர்வலம். வென்று திரும்பிய தளபதி ஜூபிடரின் ஆடையை அணிந்து, நான்கு குதிரைத் தேரேறி, சில சமயம் விக்கிரகத்தைப் போலவே முகத்தில் செந்நிறம் பூசிக் குன்றேறினான் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அவன் தெய்வமாக நடித்தானா, பண்டைய அரசனாக நடித்தானா என்று வெர்ஸ்நெல் முதலியோர் விரிவாக விவாதித்தார்கள். மேரி பியர்ட் இச்சான்றுகள் பல பிற்காலத்தவை, ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை நியாயமானது. எவ்வாறாயினும், அந்த ஒப்பனை ஒரு நாளுக்கு உரியது. ஊர்வலத்தின் முடிவு வாகை இலையைத் தேவன் மடியில் வைத்துவிட்டு இறங்குவது. வேயி நகரை வென்ற கமில்லஸ் நான்கு வெள்ளைக் குதிரைகளைப் பூட்டி வந்தபோது, அவை ஜூபிடருக்கும் சூரியனுக்கும் உரியவை என்று மக்கள் முகம் சுளித்ததை லிவி குறிக்கிறார்.

இரண்டாவது சான்று வர்ஜில். அவருடைய காவியத்தின் தொடக்கத்தில் ரோமானியருக்கு எல்லையும் முடிவும் அற்ற ஆட்சியை வழங்கும் ஜூபிடர், சந்தேகமின்றி ஒரு சக்கரவர்த்தி. ஆனால் பத்தாம் காண்டத்தில், தேவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடும்போது, அவன் தீர்ப்பு வழங்க மறுத்து, விதி தன் வழியைத் தானே காணும் என்று ஒதுங்கிக்கொள்கிறான். இதைக் கவியின் தளர்ச்சி என்று சிலர் கொள்வர். அகஸ்டஸின் காலத்தில் எழுதிய ஒருவர், பழைய ஜூபிடரையும் புதிய ஜூபிடரையும் ஒரே காவியத்தில் உட்காரவைக்க நேர்ந்ததன் விளைவு என்று நான் கொள்கிறேன்.

ஜூபிடர் மெய்யாகவே அரசனாக மாறியது, பூமியில் அரசர்கள் திரும்பிவந்த பின்னர்தான். கான்டாபிரியப் போரில் பல்லக்கின் முன்னே தீவட்டி பிடித்துச் சென்ற அடிமையை மின்னல் தாக்கிக் கொன்றபோது உயிர்தப்பிய அகஸ்டஸ், இடிமுழக்கும் ஜூபிடருக்குக் கபிடோலியத்தில் கி.மு. 22-இல் கோயில் எழுப்பினார். பெருங்கோயிலின் ஜூபிடர் தன் பக்தர்களை இப்புதியவன் கவர்ந்துகொண்டான் என்று கனவில் முறையிட்டதாகவும், இவன் உமக்கு வாயில்காப்பான் மட்டுமே என்று விடையிறுத்த அகஸ்டஸ், அதற்கு அடையாளமாகப் புதிய கோயிலின் கூரையில் மணிகளைத் தொங்கவிட்டதாகவும் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். முறையிடுபவன் தேவன், சமாதானம் சொல்பவன் மனிதன். பின்னர் கலிகுலா, தன்னை ஜூபிடர் லத்தியாரிஸ் என்று வணங்கச் செய்து, கபிடோலிய விக்கிரகத்தின் காதில் இரகசியம் பேசவும் தலைப்பட்டான்.

8. அகஸ்டீனின் ஆட்சேபம்

ரோமாபுரி காத் கூட்டத்தாரால் சூறையாடப்பட்டபின் எழுதப்பட்ட ‘கடவுளின் நகரம்’ என்ற நூலின் நான்காம் பகுதியில், ஹிப்போவின் அகஸ்டீன் டெர்மினஸின் கதையை எடுத்துக்கொள்கிறார். ஜூபிடருக்கு இடம்கொடுக்க மறுத்த எல்லைத் தெய்வம், டிராஜன் வென்ற ஆர்மீனியா, மெசொப்பொட்டேமியா, அசீரியா ஆகிய மாகாணங்களை ஹேட்ரியன் கைவிட்டபோது அந்த மனிதனுடைய விருப்பத்துக்குப் பணிந்து பின்வாங்கியதே. தேவர்களின் அரசனைக் காட்டிலும் மனிதர்களின் அரசனுக்கு அது அஞ்சியது போலும் என்று ஏளனம் செய்கிறார். கூர்மையான வாதம், பழைய சமயத்தாரிடமிருந்து இதற்குத் தக்க மறுமொழி வந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வாதத்தின் பாதி வலிமை ‘தேவர்களின் அரசன்’ என்ற பட்டத்தைப் பொறுத்தது. ஜூபிடர் அரசனானால், டெர்மினஸின் மறுப்பு ராஜத்துரோகமாகவோ, அரசனின் பலவீனமாகவோதான் இருக்க முடியும். நான்கு நூற்றாண்டுகளாகச் சக்கரவர்த்திகளையே கண்டுவந்த உலகத்தில் அகஸ்டீனுக்கு வேறு வகையான தலைமை மனத்தில் எழாதது குற்றமாகாது. கதையை வழங்கிய ஆதி ரோமானியரோ டெர்மினஸுக்கு ஆணை பிறப்பிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை. நிமித்திகர் அவனிடம் கேட்டார்கள் என்றே சொன்னார்கள், கேட்டால் மறுக்கவும் இடமுண்டு என்பதை அறிந்தே கேட்டார்கள். ஹேட்ரியன் எல்லையைச் சுருக்கியது பொய்ப்பித்தது ஜூபிடரை அன்று. அசையாத கல்லை அசையாத எல்லைக்குச் சாட்சியாக வாசித்த நிமித்திகரின் வியாக்கியானத்தை. அந்த வியாக்கியானத்துக்கு ஜூபிடர் எந்த உடன்படிக்கையிலும் கையொப்பமிட்டிருக்கவில்லை.